நடுத்திட்டில் ஒரு விருந்து

மலைமேல் ஏரி, ஏரிக்கு நடுவே ஒரு திட்டு, திட்டில் நாலைந்து மரம், சுற்றிலும் அசையாத தண்ணீர். அந்த மாதிரி இடத்துக்குப் போய் வந்தவர்கள் "அங்கே என்ன அமைதி தெரியுமா" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வார்கள். நானும் போயிருக்கிறேன், ஒரே ஒரு பகல். அமைதியாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்த அமைதிக்காக என் அத்தா வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. அதனால் அதைக் கெடுத்துவிட்டு வந்தேன். கெடுத்ததற்கு இன்றுவரை எனக்கு ஒரு துளி வருத்தம் கிடையாது.

அத்தா என்றால் அப்பா. திண்டுக்கல்லில் எங்கள் ஜனம் அப்படித்தான் கூப்பிடும். அவருக்கு ஊர் ஓரத்தில் ஒரு சின்னத் தோல் ஷாப் இருந்தது. தோல் பதனிடும் இடத்தை நாங்கள் ஷாப் என்போம். கண்ணாடி அலமாரி, தராசு என்று எதையாவது நினைத்துக்கொள்ளாதீர்கள். சுண்ணாம்புக் குழி, ஆவாரம்பட்டைக் குழி, முழங்கால் வரை நனைந்த ஆட்கள், வெயிலில் காயும் தோல், அவ்வளவுதான். அந்த வாடை ஆளை விட்டுப் போகாது. அத்தா வேலை முடிந்து வந்ததும் கிணற்றடியில் சோப்புக் கட்டி கரையக் கரையக் குளிப்பார், சலவை வேட்டி கட்டுவார், அத்தர் தொட்டு வைப்பார். அத்தருக்கு அடியில் அது அப்படியே இருக்கும்.

அது வாடை என்பதே பள்ளிக்கூடம் போகும்வரை எனக்குத் தெரியாது. வீட்டில் அத்தா வந்துவிட்டார் என்பதற்கு அதுதான் அடையாளம். வகுப்பில் ஒருத்தி என் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று மூக்கைப் பொத்தினாள். பின்னலைப் பிடித்து இழுத்தேன். டீச்சர் என்னைப் பெஞ்சு மேல் ஏற்றினார். அவர் இறங்கச் சொன்ன பிறகும் செத்த நேரம் நின்றுவிட்டுத்தான் இறங்கினேன். என் சுபாவம் அப்படி. அம்மா அதற்கு வைத்த பெயர் திமிர். இருக்கட்டுமே!

அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்கு ஒரு சம்பந்தம் வந்தது. எஸ்.எஸ்.எல்.சி. முடித்துவிட்டு வீட்டில் இருந்தேன். எங்கள் தெருவில் அவ்வளவு படித்த பெண் அப்போது நான்தான். மாப்பிள்ளை வீட்டார் எங்கள் ஜனம்தான், கொடைக்கானல் பக்கம் மலையில் ரொட்டிக் கடை வைத்திருந்தார்கள். துரைமார் காலத்திலிருந்து வந்த கடை. பங்களாக்களிலிருந்து வரும் இங்கிலீஷ் சீட்டைப் படித்துச் சொல்ல அவர்களுக்கு ஒரு மருமகள் தேவைப்பட்டாள். மாப்பிள்ளையைப் போட்டோவில் காட்டினார்கள். காது கொஞ்சம் பெரிது, மற்றபடி நல்ல முகம். எனக்குச் சம்மதம்தான். பொய் சொல்லவில்லை, ஆசையாகவே இருந்தது. குளிரும் ஊர், பன் வாசனை அடிக்கும் வீடு, யாருக்குத்தான் கசக்கும்?

நிச்சயத்துக்கு வந்தபோது மாப்பிள்ளையின் தாயார் கைக்குட்டையை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. ஜலதோஷம் என்றார். அம்மா பதறிப்போய்ச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவரை மாமி என்றே எழுதுகிறேன், அன்றைக்கு அப்படித்தான் கூப்பிட்டேன். மாமி காப்பியைக் குடிக்கவும் கைக்குட்டையை ஓரமாகத்தான் நகர்த்தினார். எனக்கு விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் விளங்கியிருக்கும். கல்யாணம் கூடி வருகிற நேரத்தில் இதையெல்லாம் யார் பேசுவார்கள்?

நிக்காஹ் நாள் குறித்தாயிற்று. அவ்வளவு தூரத்தில் பெண்ணைக் கொடுக்கிறோம், ஊரையாவது ஒருமுறை பார்த்துவிட்டு வரலாம் என்று அம்மாவுக்கு ஆசை. ஆனால் நிக்காஹ்வுக்கு முன்னால் பெண் மாப்பிள்ளை வீட்டுப் படி ஏறக்கூடாது, அது வழக்கம். மாமிதான் வழி சொன்னார். "வீட்டுக்கு வர வேணாம். மேல்மலை ஏரி நடுவுல ஒரு திட்டு இருக்கு. அங்க புல்லு அறுக்கிற ஏலம் நம்ம கையிலதான். படகுல போயி அங்க வச்சு விருந்து சாப்பிடுவோம். அங்க யாரு பாக்கப்போறா?" மாப்பிள்ளையை அன்றைக்கு மதுரைக்குச் சரக்கு வாங்க அனுப்பிவிடுவதாகவும் சொன்னார்.

மாப்பிள்ளையின் தகப்பனார், மாமா, சாதுவான மனிதர். பேச்சோடு பேச்சாக, "திட்டுக்குக் கன்னுக்குட்டியக் கொண்டுபோக ஒரு பரிசல் இருந்தாத் தேவல. சம்பந்தி தோல்காரராச்சே" என்று சொல்லிச் சிரித்தார். அது விளையாட்டுப் பேச்சு. அத்தா அதைப் பிடித்துக்கொண்டார்.

பரிசல் என்பது மூங்கில் பின்னிய வட்டக் கூடை, அடியில் தோல் போர்த்தியது, ஆற்றைக் கடக்கிற சனம் ஏறுவது. கூடை முடைகிற ஆளைப் பிடித்து அத்தா கூடு செய்ய வைத்தார். தோல் அவருடையது, குழியில் ஊறியெடுத்ததில் முதல் தரம், பொன் நிறத்தில் கண்ணைப் பறித்தது. ஷாப்பில் வேலை செய்த ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, "மொதலாளி, பரிசலுக்குப் பச்சத்தோலுதான போடுவாங்க?" என்று கேட்டார். அவர் சொன்னது சரி. பதனிடாத எருமைத் தோலைத்தான் போடுவார்கள். அது காய்ந்து இறுகி, எண்ணெய் ஏறினால் தண்ணீரை விடாது. பதனிட்ட தோல் தண்ணீரைக் குடிக்கும். அதை அத்தாவுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவருடைய பிழைப்பே அதுதான்.

"எனக்குத் தெரியாதாப்பா?" என்றார் அத்தா. "சம்பந்தி வீட்டுக்குப் பச்சத்தோலத் தூக்கிட்டுப் போகச் சொல்றியா? நாறிப்போகும்."

வேப்பெண்ணெய் பூசினாலும் வாடை வரும் என்று தேங்காய் எண்ணெயை லேசாகத் தொட்டுத் தேய்த்தார். அதற்கும் மேலே, சொன்னால் சிரிப்பீர்கள், அத்தர் தெளித்தார். பரிசலுக்கு அத்தர்! தெளித்துவிட்டு அம்மாவைக் கூப்பிட்டு, "மூக்குல எதும் ஏறுதா பாரு" என்றார். அம்மா குனிந்து முகர்ந்து பார்த்துவிட்டு, "மாப்பிள்ளையவிட இதுதான் கமகமன்னு இருக்கு" என்றாள். நாங்கள் எல்லாம் சிரித்தோம். உள்ளுக்குள் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தொழிலில் ஒரு தப்புப் பண்ணாத மனிதர், அந்த அம்மாளின் மூக்குக்குப் பயந்து தெரிந்தே தப்புப் பண்ணினார்.

பஸ் கூரையில் பரிசலைக் கவிழ்த்துக் கட்டிக்கொண்டு வத்தலக்குண்டு வழியாக மலை ஏறினோம். ஒவ்வொரு வளைவிலும் அத்தா ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் கூரையைப் பார்த்தார். கைகளை முந்தின நாள் எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்த்திருந்தார். ஆவாரம்பட்டைக் கறை அதற்கெல்லாம் மசியுமா? நகக்கண்ணில் கறுப்பு அப்படியே இருந்தது. கையை மடியில் மடக்கி வைத்துக்கொண்டே வந்தார். கொடைக்கானலில் மாமா வண்டி வைத்திருந்தார். அதில் இன்னும் தூரம் போனோம்.

ஏரியைப் பார்த்ததும் நான் வாயடைத்துப்போனேன். நாங்கள் பார்த்ததெல்லாம் கோடையில் வெடித்துக் கிடக்கும் கண்மாய். இது விளிம்பு தொட்டு நிறைந்து, கரிய பச்சையாக, சத்தமே இல்லாமல் கிடந்தது. நடுவில் அந்தத் திட்டு, மேலே லேசான பனிமூட்டம். "இங்கிட்டுத்தான் நீ இருக்கப்போற" என்று அம்மா என் துப்பட்டியை இழுத்துவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

அவர்களுடைய மரப்படகு கரையில் நின்றது. மாமியின் மகளைக் கட்டியிருந்த மருமகன் துடுப்புப் போட உட்கார்ந்திருந்தார். மாமி, மாமா, அம்மா, நான், சாப்பாட்டுத் தேக்சா எல்லாம் ஏறினோம். அத்தா ஒரு காலை எடுத்து வைத்தார். "எடம் பத்தாது சம்பந்தி" என்றார் மாமி. "நீங்க ஆசையாச் செஞ்சு கொண்டாந்தீங்கல்ல, அதுலயே வாங்களேன்." படகில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். மாமா தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரிங்க" என்றார் அத்தா.

பரிசலைச் சுற்றவிடாமல் ஓட்டத் தெரிய வேண்டும். அத்தாவுக்குத் தெரியாது. ஒரு கட்டையை வைத்துக்கொண்டு தட்டாமாலை சுற்றியபடி எங்கள் பின்னால் வந்தார். மாமியின் மருமகன் சிரித்தார். பாதி தூரத்தில் அத்தா குனிந்து தோலைத் தடவிப் பார்ப்பதைக் கண்டேன். தோல் தண்ணீர் குடிக்க ஆரம்பித்துவிட்டது. அவர் யாரையும் கூப்பிடவில்லை. தொப்பியைக் கழற்றி, அதில் மொண்டு வெளியே ஊற்றினார். அத்தாவுக்கு நீச்சலும் தெரியாது. நான் படகிலேயே எழுந்து நின்றுவிட்டேன். "உக்காரு, படகு ஆடுது" என்று மாமி அதட்டினார்.

ஒருவழியாகத் திட்டுக்கு வந்து சேர்ந்தார், இடுப்புக்குக் கீழே தொப்பலாக நனைந்து. "பரிசல் நல்லா ஓடுது" என்று மாமாவிடம் சொன்னார். குளிரில் பல் தந்தியடித்தது.

திட்டு அழகுதான், சும்மா சொல்லக்கூடாது. முழங்கால் உயரப் புல், மரத்தடியில் சருகு மெத்தை, ஒரு பறவை மட்டும் எங்கேயோ விட்டு விட்டுக் கூவியது. மாமி ஜமக்காளத்தை விரித்து, "எம்புட்டு அமைதி பாத்தியா" என்று என் கன்னத்தைத் தட்டினார். அப்புறம் தேக்சாவைத் திறந்து பிரியாணி பரிமாறத் தொடங்கினார்.

எங்கள் ஜனத்தில் விருந்து என்றால் சஹன். பெரிய வட்டத் தட்டில் சோற்றைக் குவித்து, மூன்று பேர் நான்கு பேர் சுற்றி உட்கார்ந்து அதிலேயே கை போட்டுச் சாப்பிடுவோம். முதலாளி, கூலியாள் என்ற பேதம் கிடையாது. வழியில் போகிற முகம் தெரியாதவரைக்கூட இழுத்து உட்கார வைப்போம். ஒருவரை விருந்துக்குக் கூப்பிட்டுவிட்டுத் தனித்தட்டில் சோறு வைத்தால், அதைவிடச் செருப்பால் அடிக்கலாம்.

மாமி ஒரு சஹனை மாமாவுக்கும் மருமகனுக்கும் நடுவில் வைத்தார். இன்னொன்றை எனக்கும் அம்மாவுக்கும் தனக்கும் வைத்தார். பிறகு ஓர் அலுமினியத் தட்டில் சோறு போட்டு, கறித்துண்டு நிறைய வைத்து, திட்டின் அடுத்த ஓரத்தைக் கையால் காட்டினார்.

"சம்பந்தி, நீங்க அங்கிட்டு உக்காருங்க. காத்து இங்கிட்டு அடிக்குது பாருங்க."

"சரிங்க" என்று அத்தா தட்டை வாங்கிக்கொண்டார்.

"கோவிச்சுக்காதீங்க. எனக்கு ஒத்துக்காது, தலைவலி வந்துரும். நிக்காஹ்வுக்கு அப்புறமும் நீங்க ஷாப்புல இருந்து நேரா நம்ம வீட்டுக்கு வந்துடாதீங்க. ரொட்டிக் கடை பாருங்க, நாலு பெரிய மனுசங்க வந்து போற எடம். பெருநாளைக்கு ஒரு தடவ வந்து மகளப் பாத்துட்டுப் போங்க. போதும்ல?"

அத்தா என்னைப் பார்க்கவில்லை. "போதுங்க" என்றார். ஓரத்தில் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது. ஒரு கவளம் எடுத்தார், வாய்க்குக் கொண்டுபோகாமல் திரும்பத் தட்டிலேயே வைத்தார்.

அம்மா என் மணிக்கட்டைப் பிடித்தாள். அவள் பிடி இறுக்கமாக இருந்திருந்தால் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ. அவள் பிடித்தாள், என் முகத்தைப் பார்த்தாள், விட்டுவிட்டாள்.

போய் அத்தாவின் எதிரில் சப்பணம் போட்டு உட்கார்ந்தேன். அவருடைய தட்டில் கை வைத்தேன். பெரிய கவளமாக எடுத்து வாயில் போட்டு மென்றேன். "எந்திரிச்சுப் போம்மா" என்று அத்தா கிசுகிசுத்தார். "அவங்க பாக்குறாங்க."

"பாக்கட்டும்" என்று சத்தமாகச் சொன்னேன். பறவைகூடக் கூவுவதை நிறுத்திவிட்டது. "மாமி! எனக்கு உங்க வீடு வேணாம். எங்க அத்தா பெருநாளைக்குப் பெருநாள் வந்து எட்டிப் பாத்துட்டுப் போற வீட்டுல நான் இருக்க மாட்டேன். உங்க மகனுக்கு வாடையில்லாத வீட்டுல பொண்ணு பாருங்க."

மாமி வாயில் போட்டதை விழுங்க மறந்தார். மாமா "ஏம்மா, ஏம்மா" என்றார்.

சாப்பிட்டு முடித்தேன், தட்டை வழித்துச் சாப்பிட்டேன். அத்தா அதற்கப்புறம் ஒரு பருக்கை தொடவில்லை. எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பரிசலுக்குப் போனேன். அம்மா பின்னாலேயே வந்தாள். "நானும் ஏறினா மூணு பேரும் முங்கிருவோம். அழுகுறதுக்கு ஒரு ஆளாவது வேணும்ல? நீங்க போங்க, நான் இந்த மகராசி படகுலயே வாரேன்" என்றாள். துப்பட்டியைத் தலையில் சரியாகப் போட்டுக்கொண்டு மாமியின் பக்கம் திரும்பி நடந்தாள். அந்த நடையை எனக்குத் தெரியும். மாமியின் பாடு பாவம் என்று நினைத்துக்கொண்டேன்.

ஏரியின் நடுவில் நாங்கள் பட்டபாட்டைச் சொல்லி மாளாது. தோல் நனைந்த துணியாகத் தொங்கியது, தையல் தையலாகத் தண்ணீர் கசிந்தது. நான் என் செருப்பால் மொண்டு ஊற்றினேன், அவர் கட்டையால் துழாவுவதும் தொப்பியால் மொண்டு ஊற்றுவதுமாக இருந்தார். இரண்டு கையும் வேலையாக இருந்தபோதுதான் அவருக்குக் கோபம் வந்தது. "ஒனக்கு என்ன புத்தி கெட்டுப்போச்சா? குறிச்ச நிக்காஹ்! ஊரு சிரிக்காதா? என்னைய ஓரமா உக்காரச் சொன்னா ஒனக்கு என்ன? நான் இன்னும் எத்தன நாளைக்கு? நீ நல்லா இருந்தாப் போதும்னுதான நான் வாயத் தொறக்கல!"

"நீங்க எதுக்கு அத்தா பச்சத்தோல் போடல?" என்று கேட்டேன்.

அவர் தொப்பியில் மொண்டதை வெளியே வீசினார்.

"நாறும்னுதான போடல. நாறுனா நாறட்டுமே! இப்பப் பாருங்க, அவங்க மூக்குக்காக ரெண்டு பேரும் சாகப்போறோம்."

அத்தா மொள்ளுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தார். "மொள்ளுங்க அத்தா!" என்று கத்தினேன். மறுபடி குனிந்து மொண்டார்.

நாங்கள் கரையேறி நடுங்கிக்கொண்டிருந்தபோது மரப்படகும் வந்து சேர்ந்தது. படகில் என்ன பேச்சு நடந்ததோ, மாமியின் முகம் சிவந்திருந்தது, அம்மாவின் முகம் தெளிவாக இருந்தது. மாமி என்னைத் திரும்பிப் பார்க்காமல் நேரே அத்தாவிடம் போனார். இங்கிலீஷ் படித்த மருமகளை விட அவருக்கு மனசில்லை போலும்.

"சின்னப் புள்ள, விவரம் தெரியாமப் பேசிருச்சு. நாங்க மனசுல வச்சுக்கல. பெரியவங்க பேசி முடிச்சது பேசி முடிச்சதுதான். நான் சொன்னதுக்கு நீங்கதான் போதும்னு சொல்லிட்டீங்களே. நாள் குறிச்சபடியே வச்சுக்குவோம். என்ன சம்பந்தி?"

எனக்குப் பயம் வந்துவிட்டது. அன்றைக்குப் பகல் முழுக்க அந்த அம்மாள் கேட்டதற்கெல்லாம் தலையாட்டிய மனிதர். இன்னொரு முறை தலையாட்டிவிட்டால் நான் என்ன செய்ய முடியும்? பெண் பேச்சு வேறு, தகப்பன் வாக்கு வேறு.

அத்தா இடுப்பில் எப்போதும் ஒரு சூரிக்கத்தி வைத்திருப்பார், தோல்காரர்கள் எல்லோரும் வைத்திருப்பதுதான். அதை உருவினார். மாமி ஓரடி பின்னால் நகர்ந்தார். அத்தா பரிசலைக் கவிழ்த்துப் போட்டு, ஓரத்துத் தையலைச் சரசரவென்று அறுத்தார். பொன் நிறத் தோலை உரித்தெடுத்து, உதறி, பாயைச் சுருட்டுவது போலச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டார். மூங்கில் கூடு மட்டும் கரையில் கிடந்தது.

"கூட்டை வச்சுக்கங்க. கோழி கவுக்கலாம்" என்றார். "தோல் என்னோடது. என்னைய ஓரமா உக்காரச் சொன்னீங்க, நான் உக்காந்தேன். அது என் தப்பு. எம்மகளத் தரமாட்டேன்."

மாமா வண்டியை எடுக்கச் சொன்னார். அத்தா வேண்டாமென்று சொல்லிவிட்டார். நடந்து, பிறகு காய்கறி லாரியில் தொற்றி, கொடைக்கானலில் கடைசி பஸ்ஸைப் பிடித்தோம். ஈரத் தோலைக் கூரையில் போட அத்தா ஒத்துக்கொள்ளவில்லை, உள்ளேயே கொண்டுவந்தார். பின்பக்கம் போகாமல் முன்சீட்டில், டிரைவருக்குப் பின்னால் உட்கார்ந்து, தோலை மடியில் வைத்துக்கொண்டார். பஸ் நகர்ந்ததும் வாடை கிளம்பியது. அத்தரெல்லாம் ஏரியோடு போயிருந்தது. பின்சீட்டில் கோட்டுப் போட்ட ஒருவர் மூக்கைப் பொத்திக்கொண்டு, "என்னய்யா இது நாத்தம்?" என்றார்.

நான் எழுந்திருக்கப் போனேன். அத்தா என் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுத் தானே திரும்பினார்.

"தோல் ஷாப்புக்காரன்" என்றார். "வாடை வரத்தான் செய்யும். ஜன்னலத் தெறந்துக்கங்க."